மீனின் பின்னால் வெள்ளை நூல்: எப்போது மருந்து, எப்போது தீனி

“அண்ணே, ஏஞ்சல் மீனுக்கு வெள்ளையா நூல் மாதிரி தொங்குது. என்ன மருந்து போடலாம்?”

வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி எனக்கு வந்துவிடும். கூடவே கண்ணாடியில் ஃபிளாஷ் பட்டு ஒன்றுமே தெரியாத ஒரு படம். நான் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. “கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?” என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குப் பிரச்சினை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

மீதிப் பேருக்காக அறிகுறி வாரியாக இதை எழுதுகிறேன். உங்கள் மீனுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டாதீர்கள். அவற்றைப் படிக்காமல் மருந்துப் பகுதிக்கு ஓடினால் நான் பட்ட அவஸ்தையை நீங்களும் படுவீர்கள். அந்தக் கதையும் வருகிறது.

அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது

மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறதல்லவா, அதேபோல ஒரு பூச்சு குடலுக்குள்ளும் உண்டு. குடலின் உள்சுவரில் கோப்பை வடிவச் செல்கள் வரிசைக்கு நடுநடுவே உட்கார்ந்திருக்கும். மியூசின் என்ற, சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதத்தை இறுக்கமாக அடைத்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது வெளியே தள்ளும். வெளியே வந்ததும் அது தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருகும். சப்ஜா விதை ஊறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கொழகொழவென்று தெரிந்தாலும் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

இந்தச் சளிக்கு வேலை நிறைய. மீனுக்கு நம்மைப் போல உமிழ்நீர்ச் சுரப்பி கிடையாது. விழுங்கியது கீறாமல் இறங்க வேண்டும் என்றால் உணவுக்குழாயின் சளிதான் கதி. ஏஞ்சல், டிஸ்கஸ், ஜிலேபி, கெளுத்தி போன்ற இரைப்பை உள்ள மீன்களில், இரைப்பை தன் அமிலத்தில் தானே வெந்துபோகாமல் காப்பதும் இந்தப் பூச்சுதான். தங்கமீன், கோய், கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகளுக்கு இரைப்பையே இல்லை. கப்பிக்கும் இல்லை. அமிலம் என்ற முதல் காவல்காரன் அங்கே கிடையாது. தீனியோடு வரும் கிருமி நேராகக் குடலுக்கு வந்துவிடுகிறது. அதைச் சுவரில் ஒட்டவிடாமல் பிடித்து, உருட்டி, மலத்தோடு வெளியே தள்ளும் பொறுப்பு சளிக்கு வந்து சேர்கிறது.

சளி வெறும் பசையும் அல்ல. கிருமியின் சுவரை அரிக்கும் லைசோசைம் அதில் உண்டு, எதிர்ப்புப் புரதங்களும் உண்டு. மீன்களுக்கென்று ஐ.ஜி.டி. (IgT) என்றொரு எதிர்ப்புப் புரத வகை இருப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். 2010-இல் வானவில் டிரௌட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வில் அது குறிப்பாகக் குடலுக்கான படை என்று தெரிந்தது. குடல் ஒட்டுண்ணி தாக்கிப் பிழைத்த மீன்களில், அந்த ஒட்டுண்ணிக்கு எதிரான ஐ.ஜி.டி. குடல் சளியில்தான் இருந்தது. ஆகவே சளியைப் பார்த்ததும் ‘நோய்’ என்று எண்ணுவது, வாசலில் காவலாளியைப் பார்த்துத் திருடன் என்று கத்துவது மாதிரி.

இனி முக்கியமான விஷயம். நல்ல ஆரோக்கியமான மீனின் மலமும் சளி உறைக்குள்தான் வருகிறது. உள்ளே தீனி இருப்பதால் பழுப்பாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிகிறது. உறை நம் கண்ணில் படுவதில்லை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் வெறும் உறை மட்டும் வரும். தலையணை இல்லாத தலையணை உறை. நீங்கள் பார்க்கும் வெள்ளை நூல் அதுதான். ஆகவே அறிகுறியைப் படிக்கும்போது நூல் ஏன் வெள்ளை என்று கேட்டுப் பயனில்லை. உறை ஏன் காலியாக வருகிறது என்று கேளுங்கள். மீன் சாப்பிடவில்லையா? சாப்பிட்டும் காலியா? உறை தேவைக்கு மேல் சுரக்கிறதா? அங்கிருந்துதான் வழி பிரிகிறது.

மருந்துக் கடைக்குப் போகும் முன்: தட்டுச் சோதனை

ஒரு டிராப்பரும் கருநிறத் தட்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளை நூல் தெரியாது; நான் ஒரு பழைய டிஃபன் பாக்ஸ் மூடியின் உட்புறத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். மீனிடமிருந்து அப்போதுதான் விழுந்த நூலை டிராப்பரால் உறிஞ்சித் தட்டில் விடுங்கள். ஊசிமுனையால் மெல்ல இழுங்கள்.

ஊறிய பசை மாதிரி நீண்டு, விட்டால் சுருண்டுகொண்டால் அது சளி. தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தால் செரிக்காத மாவுத் தீனி. தவிடோ மலிவான பெல்லட்டோ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இழுத்தால் நீளாமல் பஞ்சு மாதிரி நார்நாராகப் பிரிந்தால், அது தொட்டித் தரையில் கிடந்த பழைய மலத்தின் மேல் பிடித்த பூஞ்சணம். இந்தக் கடைசி வகையைப் பார்த்துப் பயந்து மீனுக்கு மருந்து போட்டவர்கள் எத்தனையோ பேர். நேற்று விழுந்த பழுப்பு மலமே இன்று வெள்ளையாகப் பூத்திருக்கும். அதற்கு மருந்து சைஃபன் குழாய்தான். அடியை உறிஞ்சி எடுங்கள், சரியாகிவிடும்.

அதனால்தான் அப்போது விழுந்ததாக இருக்க வேண்டும் என்கிறேன். மீனுக்குப் பின்னாலேயே பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லையென்றால் இந்த வழிமுறையில் மீதி எதுவும் உதவாது.

வெள்ளை நூல், ஆனால் மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது. வாங்கி வந்து இரண்டு மூன்று நாள்தான்

பட்டினி. வேறு ஒன்றும் இல்லை.

வண்ண மீன்களை ஆக்சிஜன் பையில் கட்டுவதற்கு முன் ஒரு நாளோ இரண்டு நாளோ தீனியை நிறுத்துவது தொழிலில் வழக்கம். பைக்குள் கழிவு விழுந்தால் அம்மோனியா ஏறி மீன் வழியிலேயே செத்துப்போகும். பிறகு பயணம், அப்புறம் உங்கள் தொட்டியில் மிரண்டுபோய் ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பது. மொத்தம் மூன்று நான்கு நாள் குடல் காலி. தீனி நின்றாலும் சளி சுரப்பது நிற்பதில்லை. பழைய குடல் செல்கள் உதிர்வதும் நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்து வெற்று உறையாக வந்துகொண்டே இருக்கும்.

என் கதை இங்கேதான். சில வருஷங்களுக்கு முன் சென்னை கொளத்தூரில் நாற்பது ஏஞ்சல் குஞ்சுகள் வாங்கி வந்தேன். மறுநாள் காலை பார்த்தால் தொட்டி முழுக்க வெள்ளை நூல். ‘ஹெக்ஸாமிட்டா’ என்ற குடல் ஒட்டுண்ணிதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதற்கான மருந்தான மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். மருந்து போடும்போது தீனி வேண்டாம் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வர, தீனியையும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் நூல் இன்னும் அதிகம். நோய் முற்றுகிறது என்று மருந்தை இரட்டிப்பாக்கினேன். ஐந்தாம் நாள் குஞ்சுகள் முதுகு கத்தி மாதிரி ஆகிவிட்டன. மீன் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சோறு போட்டியா?” என்றார். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சு போட்டோம். மாலையே ஆரஞ்சு நிறத்தில் மலம் விழுந்தது. அதற்குள் ஏழு குஞ்சுகள் போய்விட்டிருந்தன; கிருமி ஏதும் இல்லை, நான்தான் காரணம்.

செய்ய வேண்டியது: விளக்கை மங்கலாக்குங்கள், மீனை முதல் நாள் சும்மா விடுங்கள். அப்புறம் உயிர்த்தீனி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. நீண்ட பட்டினியில் குடல் மடிப்புகள் சிறுத்துப்போயிருக்கும். ஒரேயடியாக வயிறு முட்டப் போட்டால் தாங்காது. சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள், நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் அதற்கு முன்பே, நூலுக்குள் நிறம் ஏறிவிடும். ஏறினால் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

வெள்ளை நூல், மீன் தீனிக்கு வருகிறது, வாயில் எடுத்துத் துப்புகிறது, மூலையில் நிற்கிறது, மெலிகிறது

இது கவலைப்பட வேண்டிய வகை. ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் வைத்திருப்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள்.

இங்கே உறை காலியாக வருவதோடு தடிமனாகவும் இருக்கும். மலத்துளையிலிருந்து நீண்டு தொங்கும், அறுந்து விழ நேரமாகும். மீனின் நிறம் கறுக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் நெற்றியின் இரு பக்கமும் குழி விழுந்திருக்கும். டிஸ்கஸில் தலையில் ஊசியால் குத்தியது போன்ற சிறு ஓட்டைகளும் வரலாம்.

பெரும்பாலும் இதன் பின்னால் இருப்பது ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற சாட்டையிழை ஒட்டுண்ணி. நம் கடைகளில் இன்னும் ஹெக்ஸாமிட்டா என்றுதான் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். நன்றாக இருக்கும் மீனின் குடலிலும் இது கொஞ்சம் இருக்கக்கூடும்; அதுவரை சளி அதைக் கட்டிப்போட்டிருக்கும். நெரிசல், கெட்ட தண்ணீர், அடிக்கடி இடமாற்றம் என்று மீன் சோர்ந்தால் ஒட்டுண்ணி பெருகும். குடல் அதைக் கழுவித் தள்ளப் பார்த்துக் கூடுதலாகச் சளியைக் கொட்டும். நமக்கு ஜலதோஷத்தில் மூக்கு ஒழுகுவதும் இதே தந்திரம்தான்.

உறுதி செய்ய ஒரே வழி நுண்ணோக்கி. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணமானதே போதும். இப்போது விழுந்த நூலில் அரிசிமணி அளவு துண்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய சில்லை மூடுங்கள். முதலில் 100 மடங்கு. சளி, கலைந்த மேகம் மாதிரி வரிவரியாகத் தெரியும். நடுநடுவே உதிர்ந்த செல்கள். பிறகு 400 மடங்கு. ஒட்டுண்ணி இருந்தால் தேட வேண்டியதே இல்லை. பேரிக்காய் வடிவத்தில் சின்னப் புள்ளிகள் விருட்டென்று பார்வையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்கும். நிற்காது, சுழலாது, நேராகப் பாயும். சளி கெட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும் சிக்கித் திணறும். அந்த இடத்தை நான் எப்போதும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். பாயும் ஒட்டுண்ணி ஒன்று சளிக்கற்றையில் மாட்டிக்கொண்டு துள்ளுவதைப் பார்த்தால், எத்தனை புத்தகம் படித்தாலும் புரியாதது அரை நிமிஷத்தில் புரிந்துவிடும்.

அரை மணி நேரம் கழித்துப் பார்க்காதீர்கள். மாதிரி ஆறி, காய்ந்து, ஒட்டுண்ணி அசைவை நிறுத்தியதும் அதுவும் ஒரு செல் மாதிரிதான் தெரியும். ஒரு பார்வையில் ஒன்றிரண்டு நீந்தினால் உடனே மருந்துக்கு ஓட வேண்டாம், தண்ணீரையும் தீனியையும் சரிசெய்து பாருங்கள். கூட்டமாகப் பாய்ந்தால் மருந்து.

மருந்து மெட்ரோனிடசோல்தான். மீன் இன்னும் சாப்பிட்டால் தீனியில் கலந்து கொடுப்பதே சிறந்தது, ஏனென்றால் எதிரி குடலுக்குள் இருக்கிறான்: ஒரு கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம், ஐந்து நாள். சாப்பிடாத மீனுக்குத் தண்ணீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம், தினமும், ஐந்து நாள். ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முன் கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிடுங்கள். அழகு மீனுக்கு மட்டும். உணவுக்காக வளர்க்கும் மீனுக்கு மெட்ரோனிடசோல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. குளத்துக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது.

தொட்டியில் கல் உப்பு போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், லிட்டருக்கு ஒரு கிராம் அளவில். நன்னீர் மீன் உடம்பிலிருந்து உப்பை இழந்துகொண்டே இருப்பதால் சோர்ந்த மீனுக்கு அது ஒரு தாங்கல். ஆனால் குடலுக்குள் நீந்தும் ஒட்டுண்ணியை அது ஒன்றும் செய்யாது. பூண்டுச் சாறும் அப்படித்தான். வாசனைக்குத் தீனியை எடுக்க வைத்தால் அதுவே லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் விட்டுவிட்டு வெள்ளை, விட்டுவிட்டு பழுப்பு. அல்லது மலத்துளையில் சிவப்பு முள்

இது புழு. இரண்டு வகை.

வெள்ளைக்கும் பழுப்புக்கும் மாறி மாறி வந்து, மீன் சாப்பிட்டும் இளைத்தால், கேப்பில்லேரியா என்ற மயிரிழைப் புழுவைச் சந்தேகியுங்கள். நுண்ணோக்கியில் புழு தெரியாவிட்டாலும் முட்டை தெரியும். நீள்வட்டமாக, இரு முனையிலும் மூடி போட்டு, அப்படியே ஒரு குட்டி மிருதங்கம். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

கப்பி, மோலி வைத்திருப்பவர்களுக்கு வருவது இன்னொன்று. மீன் அசையாமல் நிற்கும்போது மலத்துளையில் சிவப்பாக நாலைந்து முள் எட்டிப் பார்க்கும்; மீன் நகர்ந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கமலானஸ். இது குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிப்பது. சளிப் பூச்சைக் கிழித்துக்கொண்டு சுவரிலேயே கொக்கி போட்டுவிடுவதால், சளியால் இதைத் தள்ள முடியாது. அது வாய் வைத்த புண்ணில் பாக்டீரியாவும் வந்து சேரும். லெவாமிசோல் என்ற புழு மருந்து கொடுத்தால் புழு செயலற்றுப்போய்ப் பிடியை விடும், மீன் அதை வெளியே தள்ளிவிடும். எவ்வளவு என்பதைத் தொட்டியின் அளவைச் சொல்லி, விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து போட்ட மறுநாள் அடியை நன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். விழுந்ததையெல்லாம் மீன் மறுபடி கொத்தித் தின்றால் என்ன பிரயோஜனம்? இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை மருந்து. ஒரு மீனில் தெரிந்தால் அந்தத் தொட்டியில் எல்லா மீனுக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ சளி; மலத்துளை சிவந்து வீங்கியிருக்கிறது

இங்கே தாமதம் கூடாது. சளி என்ற அரண் உடைந்து, உள்ளே சுவரே புண்ணாகிவிட்டது. பெரும்பாலும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா. இந்தக் கிருமிகள் எல்லாத் தண்ணீரிலும் இருப்பவை. சந்தர்ப்பம் பார்த்துக் காத்திருப்பவை. வயிறு ஊதி, செதில் அன்னாசிப்பழம் மாதிரி விரிந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

ஒரு விசித்திரம்: சளி எல்லாக் கிருமிக்கும் பொறி அல்ல, சிலவற்றுக்கு அது பந்தி. கடல் மீன்களைத் தாக்கும் விப்ரியோ வகை ஒன்று சால்மன் மீன்களின் குடல் சளியைத் தேடி நீந்திப் போவதோடு, அதைத் தின்றே பெருகவும் செய்கிறது. ஆகவே சளி அதிகம் சுரந்தால் மீனுக்கு எப்போதும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பி.ஹெச். அளவும் வெப்பமும் ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். சித்திரை வெயிலில் கொஞ்சம் அம்மோனியாவே போதும், மீனைச் சாய்த்துவிடும். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அந்த மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள், ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். மேலே பட்டினி வேண்டாம் என்று சொன்னவன் இங்கே நிறுத்தச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். புண்ணான குடலுக்கு ஒரு நாள் ஓய்வு வேறு, ஆரோக்கியமான குடலுக்கு ஐந்து நாள் பட்டினி வேறு.

ஆன்டிபயாடிக்கை யூகித்துப் போடாதீர்கள். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி பணியும் என்று சோதித்துத்தான் போட வேண்டும். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி போன்ற இடங்களில் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பதை விசாரித்துக்கொண்டு, சாகும் தறுவாயில் உள்ள மீனை உயிரோடு கொண்டுபோங்கள்.

குளத்துக் கெண்டை: தின்கிறது, எடை ஏறவில்லை, மலம் கொழகொழவென்று மிதக்கிறது

தொட்டிக்காரர்கள் இதைத் தாண்டிவிடலாம். குளம் வைத்திருப்பவர்கள் தீனி மூட்டையைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

நம் பக்கம் கட்லா, ரோகு, மிர்காலுக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து போடுவது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான், புண்ணாக்கு நன்றாக இருக்கும்வரை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைத்தான் முதலில் அடிக்கும், குடலும் தப்பாது. முகர்ந்தால் பூஞ்சண வாடை அடிக்கும், உடைத்தால் உள்ளே பச்சையோ சாம்பல் நிறமோ தெரியும். அந்த மூட்டையை மீனுக்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். எண்ணெய் சிக்குப் பிடித்த பெல்லட்டும் இதே கணக்கு. தவிட்டை வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும். உண்டான நஞ்சு போகாது.

இன்னொரு காரணம் சோயா. சோயாப் பிண்ணாக்கை அதிகமாகப் போட்டால் குடல் அழற்சி வரும் என்பது அட்லாண்டிக் சால்மனில் நன்றாக ஆராய்ந்து கண்ட விஷயம். குடலின் கடைசிப் பகுதியில் மடிப்புகள் குட்டையாகி, கோப்பைச் செல்கள் பெருகிவிடும். சோயாவில் உள்ள சப்போனின்கள் இதில் முக்கியக் குற்றவாளி. கெண்டை அந்த அளவுக்கு மென்மையானதல்ல, சைவத் தீனிக்குப் பழகியது. இருந்தாலும் தீனியை மாற்றிய இரண்டு வாரத்தில் இந்த அறிகுறி தொடங்கியிருந்தால் பழைய தீனிக்குத் திரும்பிப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக மாற்றுங்கள்.

இறால் பண்ணைக்காரர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். வன்னாமெய் குளத்தில் மிதக்கும் வெள்ளைக் கழிச்சல் வேறு சமாசாரம். இறாலின் குடல் அமைப்பே வேறு. அங்கே மலத்தைச் சுற்றி வருவது கைட்டின் கலந்த மெல்லிய சவ்வு. அதற்கு ஈ.ஹெச்.பி. (இறாலைத் தாக்கும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி) சோதனை, விப்ரியோ எண்ணிக்கை என்று தனி வழி இருக்கிறது.

கடல் மீன் தொட்டி: வெள்ளைக் குழாய் மாதிரி, உள்ளே மணல் போன்ற துகள்

பெரும்பாலும் இது நோய் அல்ல, அதிசயம். கடல் மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் அதன் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். குடித்த நீரில் உள்ள கால்சியத்தைக் குடல் சுண்ணாம்புத் துகளாக மாற்றி, சளியில் சுற்றி வெளியே தள்ளுகிறது. மீன் பட்டினி கிடந்தாலும் இது நடக்கும். 2009-இல் வெளியான ஒரு கணக்கு, உலகக் கடல்களில் உண்டாகும் மொத்தக் கார்பனேட்டில் 3 முதல் 15 சதவீதம் மீன்களின் குடலிலிருந்து வருவதாகச் சொன்னது.

சோதிப்பது சுலபம். தட்டில் எடுத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். குமிழ் கிளம்பினால் சுண்ணாம்பு. மீன் நன்றாகச் சாப்பிட்டு, நிறம் மங்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள். சாப்பிட மறுத்து மெலிந்தால் மட்டும், மேலே சொன்ன நுண்ணோக்கி வேலையைத் தொடங்குங்கள்.

மருந்து முடிந்தது, ஆனால் நூல் இன்னும் வெள்ளை

மருந்து முடிந்த மறுநாளே பழுப்பு வரவில்லையென்றால் இன்னொரு மருந்து என்று தாவாதீர்கள். மீன் சாப்பிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். சாப்பிட ஆரம்பித்து இரண்டு நாளாகியும் வெள்ளைதான் என்றால் மறுபடி நுண்ணோக்கி. பாயும் புள்ளி இல்லையென்றால், சேதமான குடல் தன்னை மூடிக்கொள்ளக் கூடுதல் சளி சுரக்கிறது என்று எடுத்துக்கொண்டு காத்திருங்கள். டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா, நன்றாகக் கழுவிய ரத்தப்புழு என்று மென்மையான தீனி கொடுங்கள். டியூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப்புழு வேண்டாம், அது வளர்வதே சாக்கடைச் சேற்றில், ஆறிவரும் குடலுக்கு அதைக் கொடுப்பானேன்.

மீன் செத்துவிட்டால்

இரவில் செத்துக் காலையில் மிதக்கும் மீனை அறுத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. நம் ஊர் வெப்பத்தில் முதலில் கரைவதே குடலின் உள்பூச்சுதான். சில மணி நேரத்தில் சளியும் சுவரும் சேர்ந்து கூழாகி, எல்லா மீனுக்கும் குடல் நோய் இருந்த மாதிரியே தெரியும். தொட்டியில் அதே அறிகுறியோடு இன்னொரு மீன் தேறாத நிலையில் இருந்தால், அதைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி, அசைவும் மூச்சும் முழுக்க அடங்கிப் பத்து நிமிஷம் ஆன பிறகு பாருங்கள்.

மலத்துளையிலிருந்து தாடையை நோக்கிச் சிறு கத்தரியால் வெட்டுங்கள், முனையை உள்ளே ஆழமாகக் குத்தாமல். குடலை வெளியே எடுத்துக் கறுப்புத் தட்டில் நீட்டிவையுங்கள். ரோகு மாதிரி கெண்டைக்குக் குடல் உடம்பை விடப் பல மடங்கு நீளம், சுருளைப் பிரிக்கப் பொறுமை வேண்டும். ஏஞ்சலுக்கு அவ்வளவு இல்லை. நல்ல குடல் இளஞ்சிவப்பாக, உள்ளே தீனி நிழலாகத் தெரியும். கண்ணாடிக் குழாய் மாதிரி மெலிந்து உள்ளே தெளிந்த சளி மட்டும் இருந்தால் பட்டினியோ ஒட்டுண்ணியோ. மஞ்சள் சளியும் சிவந்த சுவரும் என்றால் பாக்டீரியா. பித்தப்பை பெரிதாகப் பச்சையாக உப்பியிருந்தால் மீன் பல நாளாகச் சாப்பிடவில்லை; தீனி வந்தால்தான் பித்தம் இறங்கும்.

கடைசியாக, குடலின் நடுப்பகுதியில் ஒரு துளி சளியை எடுத்துச் சில்லில் வையுங்கள். கல்லூரிக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு விரற்கடைத் துண்டு குடலை, அதன் அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் (கெடாமல் பதப்படுத்தும் திரவம்) போட்டு, பாட்டில் மேல் தேதி, மீன், தொட்டி வெப்பம், கடைசியாகத் தீனி போட்ட நாள் எல்லாம் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஃபார்மலின் பட்டால் கரைந்துவிடும்.